சேலை ஒன்று, திரைகள் பல

விளம்பர அனிமேஷன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் கையில் முதலில் வந்து விழுவது ரீசைஸ். 30 வினாடி மாஸ்டர் படத்தை மூத்தவர்கள் முடித்திருப்பார்கள். கிளையண்ட் தலையாட்டியிருப்பார். எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், "மத்த சைஸ் எல்லாம் காலையில போகணும், பார்த்துக்கப்பா" என்று ஓர் எக்செல் பட்டியல் வந்து சேரும். டிவி, யூடியூப், இன்ஸ்டாகிராம், செய்தித் தளங்களின் பேனர்கள், தியேட்டர், கடை வாசல் எல்இடி என்று பத்து சைஸ், நான்கு மொழி, மூன்று நீளம். மொத்தம் 120 ஃபைல். இதென்ன எடுபிடி வேலை என்று அலுத்துக்கொள்ளும் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். ஊர் பார்க்கப்போவது அந்த 120-இல் ஏதோ ஒன்றைத்தான் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க ஒரு விளம்பரத்தைக் கற்பனை செய்துகொள்வோம். ஜவுளிக்கடை ஒன்றின் ஆடித் தள்ளுபடி. திரையின் இடது ஓரத்தில் பாட்டி, வலது ஓரத்தில் பேத்தி. பாட்டி ஒரு பட்டுச்சேலையை உதறி வீசுகிறார். அது இடமிருந்து வலமாகத் திரை முழுக்க விரிந்துபோய்ப் பேத்தியின் தோளில் விழுகிறது. சேலையின் மேல் 'ஆடித் தள்ளுபடி 50% வரை' என்ற எழுத்து. கடைசியில் கடைப்பெயர். 1920×1080-இல் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. இனிமேல்தான் உங்கள் வேலை.

1. முதல் கீஃப்ரேம் வைக்கும் முன்பே மீடியா பிளானைக் கேட்டு வாங்குங்கள்.

எந்த விளம்பரம் எங்கே, எந்த அளவில், எத்தனை வினாடி ஓடப்போகிறது என்பது அதில் இருக்கும். ஏஜென்சியின் மீடியா ஆட்களிடம் அது எப்போதோ தயாராகியிருக்கும். நம் கண்ணில்தான் கடைசி நாள் படும். ஸ்டோரிபோர்டு நடக்கும்போதே கேளுங்கள், கூச்சம் வேண்டாம். பட்டியலில் 160×600 இருக்கிறது என்று முதல் நாளே தெரிந்தால் பாட்டியை உச்சி முதல் பாதம் வரை வரையச் சொல்வீர்கள். தெரியாவிட்டால் ஓவியர் இடுப்பு வரை வரைந்து கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருப்பார்; ராத்திரி பதினொரு மணிக்குப் பாட்டிக்குக் கால் வரைய யாரும் கிடைக்கமாட்டார்கள். பின்னணியும் அப்படித்தான். 16:9 அளவுக்கு மட்டும் வாங்காமல் மேலும் கீழும் நீட்டிச் சதுரமாக வாங்கிவையுங்கள். அந்தக் கூடுதல் வானமும் தரையும் பின்னால் பல மணிநேரத்தை மிச்சப்படுத்தும்.

சானல்கள் விற்கும் எல்-பேண்டும் ஆஸ்டன் பேண்டும் பிளானில் உண்டா என்றும் கேளுங்கள். நிகழ்ச்சி ஓடும்போதே திரையின் ஓரத்திலும் அடியிலும் வந்து போகும் பட்டைகள் அவை. அளவு சானலுக்குச் சானல் மாறும். ஒரு சானலுக்குச் செய்ததை இன்னொன்றுக்கு அனுப்பினால் திரும்பி வரும்.

2. சுருக்காதீர்கள். திரும்ப அமையுங்கள்.

அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டிக் கையை மடித்துவிடுவது மாதிரிதான் பாதிப் பேர் ரீசைஸ் செய்கிறார்கள். 16:9 படத்தை 1080×1920 கைபேசித் திரையின் அகலத்துக்குப் பொருத்திப் பாருங்கள். படத்தின் உயரம் 608 பிக்சல்தான் வரும். திரையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மேலேயும் கீழேயும் அதே படத்தை மங்கலாக்கிப் போட்டு நிரப்புவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடிக்காது. வேலை செய்யவில்லை என்பதற்கான ஒப்புதல் அது. சரி, உயரத்துக்குப் பொருத்தி ஓரங்களை வெட்டினால்? 1920 அகலத்தில் நடுவிலுள்ள 608 பிக்சல்தான் மிஞ்சும். பாட்டியும் இல்லை, பேத்தியும் இல்லை. யாரோ வீசிய சேலை யாரிடமோ போய்க்கொண்டிருக்கும்.

நம் ஊருக்கு இது பழைய சிக்கல்தான். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'. ஸ்கோப் படங்களைப் பின்னாளில் 4:3 டிவியில் போட்டபோது இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டு, இந்தப் பக்கம் ஒரு மூக்கும் அந்தப் பக்கம் ஒரு மூக்கும் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டைட்டில் ஓடும்போது மட்டும் பெயர்கள் வெட்டுப்படாமலிருக்கப் படத்தை நெருக்குவார்கள். ஆட்கள் எல்லாம் ஒல்லியாகி நிற்பார்கள். எடுத்து முடித்த படத்தை வைத்துக்கொண்டு அவர்களால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. நம்மால் முடியும். நம் பாட்டி ஒரு தனி லேயர், பேத்தி இன்னொரு லேயர்.

ஆகவே நிற்கும் திரைக்குப் பாட்டியை மாடியில் ஏற்றுங்கள், பேத்தியை முற்றத்தில் நிறுத்துங்கள், சேலை மேலிருந்து கீழே வரட்டும். 728×90 பட்டைக்கு ஆட்களே வேண்டாம். அந்த வடிவமே விரித்த சேலையின் வடிவம்தான், கரை மட்டும் இடமிருந்து வலமாக ஓடினால் போதும். 300×250-க்கு முந்தானையின் ஒரு மூலை விலகி அடியிலிருந்து எழுத்து தெரியட்டும். நான்கும் வேறு வேறு படம், ஆனால் நான்கிலும் சேலை விரிகிறது. எது மாறக்கூடாது என்று ஒன்றை முடிவு செய்துகொண்டால் மற்றதையெல்லாம் தைரியமாக மாற்றலாம். அந்த ஒன்று எது என்று ஆர்ட் டைரக்டரிடம் வாய்விட்டுக் கேட்டு, அவர் சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 'எல்லாமே முக்கியம்தான்' என்று பதில் வந்தால் அவரும் இன்னும் யோசிக்கவில்லை என்று அர்த்தம்.

3. பத்து சைஸைப் பத்தாகப் பார்க்காதீர்கள், மூன்று குடும்பம்தான்.

படுத்திருப்பவை: 1920×1080, 970×250, 728×90, 320×50. நிற்பவை: 1080×1920, 300×600, 160×600. ஏறக்குறைய சதுரம்: 1080×1080, 1080×1350, 300×250. குடும்பத்துக்கு ஒரு மாஸ்டர் செய்து அதிலிருந்து மற்றதை எடுங்கள். ஒரு எச்சரிக்கை: 16:9-க்கும் 728×90-க்கும் குடும்பப் பெயர்தான் ஒன்று. 728×90-இல் அகலம் உயரத்தைப்போல் எட்டு மடங்கு. பட்டைகளைத் தனியாகவே அமைக்க வேண்டியிருக்கும்.

1920×1080-க்கும் 1080×1920-க்கும் நடுவே பொதுவாக ஒரு 1080×1080 சதுரம் இருக்கிறது. எல்லாவற்றையும் அதற்குள் அடக்கிவிட்டால் எந்தப் பக்கம் வெட்டினாலும் தப்பிக்கலாம் என்று ஒரு குறுக்குவழி சொல்லித்தருவார்கள். அவசரத்துக்கு ஆகும். பழக்கமாக்கிக்கொண்டால் உங்கள் எல்லாப் படத்திலும் நடுவில் கூட்டமும் ஓரத்தில் பொட்டல்வெளியும் இருக்கும்.

4. கொடுத்த சட்டம் முழுவதும் உங்களுடையது இல்லை.

ரீல்ஸுக்கு 1080×1920 என்று கேட்பார்கள். ஆனால் மேலே கணக்கின் பெயர், கீழே விளக்கவரி, பட்டன், வலது ஓரத்தில் லைக், கமெண்ட் என்று செயலியே பாதி இடத்தை எடுத்துக்கொள்ளும். முக்கியமானதை மேலே 14 சதவீதம், கீழே 35 சதவீதம், பக்கத்துக்கு 6 சதவீதம் விட்டு வையுங்கள் என்று மெட்டா நிறுவனமே சொல்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மிஞ்சுவது சுமார் 950×980. உயரமான திரை என்று வாங்கியது கடைசியில் ஒரு சதுரம்! ஆகவே எழுத்தையும் கடைப்பெயரையும் அந்தச் சதுரத்துக்குள் வையுங்கள். சேலையும் வானமும் முற்றமும் மட்டும் முழு உயரத்துக்கும் போகட்டும். கடைப்பெயரைத் திரையின் அடியில் வைப்பது டிவியிலிருந்து வந்த பழக்கம். ரீல்ஸில் அங்கே வைத்தால் விளக்கவரிக்குப் பின்னால் போய்விடும்.

டிவியில் 16:9 படத்தின் எழுத்துகள் அகலத்திலும் உயரத்திலும் நடு 90 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதோடு சானல் லோகோ எந்த மூலையில் வரும் என்றும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

5. தமிழ் எழுத்துக்கு இடமும் நேரமும் முதலிலேயே ஒதுக்குங்கள்.

எல்லா அறிவுரையிலும் இதைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். மும்பையிலிருந்து மாஸ்டர் வரும். ஆங்கிலத்தில் நான்கே எழுத்தில் பெரிதாக எழுதியிருப்பார்கள். அந்த இடத்தில் 'தள்ளுபடி' என்று போடும்போதுதான் பெட்டி போதவில்லை என்று தெரியும். உடனே எழுத்தைச் சிறிதாக்குவார்கள். அதற்குமுன் பெட்டியைப் பெரிதாக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் வாசகத்தைக் குறைக்கச் சொல்லி எழுதுகிறவரிடம் போங்கள். மலையாளத்துக்கும் இதே நிலைமைதான். எல்லா மொழியிலும் மிக நீளமான வாசகம் எதுவோ, அதை வைத்துப் பெட்டியை அமையுங்கள்.

320×50 பேனரை எடுத்துக்கொள்வோம். உயரம் 50 பிக்சல். மேலும் கீழும் 6 பிக்சல் விட்டால் 38. இரண்டு வரி போட்டால் வரிக்கு 19. தமிழில் 'டி'யின் சுழி மேலே ஏறும், 'ளு'வின் கால் கீழே இறங்கும். இரண்டுக்கும் இடம் விட்டபின் எழுத்தின் உடம்புக்குப் பத்துப் பிக்சல்கூடத் தேறாது. கண்ணாடி போட்ட எனக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் தெரியாது. ஆகவே 320×50-இல் தமிழ் என்றால் ஒரே வரி, இரண்டு மூன்று சொல். மீதியை அடுத்த காட்சியாக மாற்றிக் காட்டுங்கள்.

அடுத்தது அசைவு. ஆங்கிலத்துக்குச் செய்த டைப்-ஆன் எஃபெக்டை அப்படியே 'கொண்டாட்டம்' என்ற சொல்லுக்குப் போட்டு ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பாருங்கள். முதலில் 'க'. அடுத்து 'கொ'. பிறகு 'கொண'. அப்புறம் புள்ளி வந்து 'கொண்'. பார்க்கிறவர் கண்ணுக்கு எழுத்துகள் ஒவ்வொன்றும் தப்பாகப் பிறந்து பிறகு திருந்துகின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருவாக இருந்தால் இன்னும் மோசம். கொம்பு மட்டும் தனியாக வந்து 'க'வுக்காகக் காத்து நிற்கும். தமிழை எழுத்தெழுத்தாக அசைக்காதீர்கள்; சொல் சொல்லாக அசையுங்கள். எழுத்தெழுத்தாகத்தான் வேண்டும் என்று கிளையண்ட் பிடிவாதம் பிடித்தால் வாசகத்தை வெக்டர் வடிவமாக மாற்றி, 'கொ'வை ஒரு துண்டாகவும் 'ண்'ணை ஒரு துண்டாகவும் கையால் பிரித்துக்கொள்ளுங்கள். அலுப்பான வேலைதான், வேறு வழியில்லை. எழுத்துகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டி அழகு பார்ப்பதும் தமிழுக்கு ஆகாது. கால் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும்.

ஒரு கம்ப்யூட்டரில் செய்ததை இன்னொன்றில் திறக்கும்போது எழுத்துரு இருக்கிறதா, சாஃப்ட்வேரில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பு தேர்வாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ரெண்டர் முடிந்த ஒவ்வொரு ஃபைலையும் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஸ்டுடியோவில் அப்படி ஒருவர் இருப்பார், வாட்ச்மேனாகவாவது.

6. 'வரை'யைத் தொலைக்காதீர்கள்.

இடம் போதாத சைஸில் முதலில் காணாமல் போவது '50% வரை'யில் இருக்கும் 'வரை'. அடுத்தது நட்சத்திரக் குறி. அதற்கடுத்தது 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது'. யாரும் கெட்ட எண்ணத்தோடு எடுப்பதில்லை. 160 பிக்சல் அகலத்தில் அடங்கவில்லை, எடுத்துவிடுகிறார்கள். ஆனால் '50%' ஒரு வாக்குறுதி, '50% வரை' இன்னொரு வாக்குறுதி. முதலாவதைப் பார்த்து பஸ் ஏறி வந்த அம்மாவுக்குக் கடையில் பத்து சதவீதம்தான் கிடைத்தது என்றால் அவரை ஏமாற்றியது உங்கள் பேனர்தான். படத்தைச் சுருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வாக்கைச் சுருக்கும் உரிமை இல்லை.

இந்திய விளம்பரங்களுக்கான சுயகட்டுப்பாட்டு அமைப்பான ஆஸ்கி 1985-இலிருந்து இருக்கிறது. நிபந்தனை வரிகள் எப்படி இருக்க வேண்டும் என்று அதன் வழிகாட்டுதல்கள் சொல்கின்றன: விளம்பரம் எந்த மொழியில் பேசுகிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும்; 1080 வரி எச்டி படத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்தின் உயரம் 18 பிக்சலுக்குக் குறையக்கூடாது. தமிழில் சிற்றெழுத்து, பேரெழுத்து கிடையாது. ஆகவே மேல்சுழியும் கீழ்க்காலும் நீங்கலான உடம்பின் உயரத்தை அந்தக் கணக்கில் வையுங்கள். 'வரை'யை 'ஐம்பது'க்குப் பக்கத்தில் கடுகளவில் போடச் சொன்னால், முடியாது என்று சொல்வதற்கு இந்த எண்ணைக் கையில் வைத்திருங்கள். புதிய பையன் சொன்னால் எடுபடாது, ஆஸ்கி சொன்னால் எடுபடும்.

7. திசை மாறினால் வேகமும் மாறும்.

இடமிருந்து வலமாக வீசிய சேலை புறப்படும்போது வேகமாகப் போய், போகப்போகத் தளர்ந்து, பேத்தியின் தோளில் மெதுவாக அமரும். மாடியிலிருந்து விழும் சேலை அப்படி இல்லை. முதலில் தயங்கும், பிறகு பிரிந்து வேகம் பிடிக்கும், காற்று பிடித்துக் கொஞ்சம் மிதக்கும், கடைசியில் மடிந்து குவியும். கீஃப்ரேம்களைத் தொண்ணூறு டிகிரி திருப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். பார்க்கிறவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் இது துணி இல்லை என்று தெரிந்துவிடும். பட்டைகளில் அலையின் உயரம் குறையும், ஆகவே அலைகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். எழுத்து திரையில் நிற்கும் நேரத்துக்கு என் கணக்கு எளிது: நிதானமாக இரண்டு தடவை படிக்க எவ்வளவு ஆகிறதோ அவ்வளவு.

8. நீளத்தைக் குறைக்கும்போது கதையைக் குறையுங்கள், ஓட்டத்தை வேகப்படுத்தாதீர்கள்.

நம் நாட்டில் டிவி நேரத்துக்கு விலை 10 வினாடிக் கணக்கில்தான் பேசுவார்கள். ஆகவே 30 வினாடிப் படத்துக்கு 20-உம் 10-உம் கட்டாயம் கேட்பார்கள். யூடியூப் 2016-இல் கொண்டுவந்த பம்பர் விளம்பரம் 6 வினாடி. அதைத் தவிர, 5 வினாடிக்குப் பிறகு தாண்டிப்போகக்கூடிய விளம்பரமும் அங்கே உண்டு. நம் மாஸ்டரில் கடைப்பெயர் 26-ஆவது வினாடியில் வருகிறது. ஐந்தாவது வினாடியில் தாண்டிப்போகிறவருக்கு அது யார் வீட்டுச் சேலையோ! யூடியூபுக்குச் செய்யும்போது பாட்டி சேலையை எடுக்கும் பெட்டியின் மேலேயே கடைப்பெயரை எழுதுங்கள். 6 வினாடிக்குப் பாட்டியும் பேத்தியும் உறவு கொண்டாட நேரமில்லை. சேலை விரிகிறது, எழுத்து வருகிறது, கடைப்பெயர் வருகிறது, அவ்வளவுதான். கைபேசியில் பலர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள். வாய்ஸ் ஓவரில் மட்டும் சொன்ன சலுகை அவர்களுக்குச் சொல்லாத சலுகை.

9. பேனரில் கடைசி ஃப்ரேமை முதலில் செய்யுங்கள்.

இணையத்தின் முதல் பேனர் விளம்பரம் என்று சொல்லப்படுவது 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்ட் தளத்தில் வந்தது. ஏடி அண்ட் டி நிறுவனத்துக்காகச் செய்தது. நடுவில் ஃப்ளாஷ் வந்து ஆடித் தீர்த்தது. 2020 டிசம்பர் 31-உடன் அதை அடோபி கைவிட்டது. இப்போது எச்டிஎம்எல்5-உம் ஜிஃபும்தான். கூகுள் ஆட்ஸில் அசையும் ஜிஃப் 150 கேபிக்குள் இருக்க வேண்டும், 30 வினாடிக்குள் அசைவு நின்றுவிட வேண்டும், வினாடிக்கு 5 ஃப்ரேமுக்கு மேல் ஓடக்கூடாது. 5 ஃப்ரேமில் பட்டுச்சேலை பறக்காது, விக்கும். ஆகவே பறக்க வைக்கவே முயலாதீர்கள்: மடித்த சேலை, பாதி விரிந்த சேலை, எழுத்தோடு முழுச் சேலை என்று மூன்று படம் போதும். அசைவு நின்றபின் கடைசிப் படம்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதில் கடைப்பெயர், சலுகை, பட்டன் மூன்றும் இருக்க வேண்டும்.

ஜிஃபில் ஒரு ஃப்ரேமுக்கு 256 நிறம்தான். பட்டின் மினுமினுப்பு அதில் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். ஜரிகைக் கரையின் மெல்லிய கோடுகளைச் சின்னதாக்கினால் அவை ஒன்றோடொன்று மோதிக் கண்கூசும்படி துடிக்கும். ஃபைல் கனமும் கூடும். சின்ன சைஸ்களுக்கென்று தட்டையான நிறத்தில், தடித்த கோட்டில் இன்னொரு சேலை வரைந்துகொள்ளுங்கள். வெள்ளைப் பின்னணி என்றால் ஓரத்தில் ஒரு பிக்சல் கோடு போடுங்கள், இல்லாவிட்டால் பேனர் செய்திப் பக்கத்தோடு கலந்துவிடும்.

10. தியேட்டருக்கு ஃப்ரேம் கணக்கு வேறு.

டிவிக்கு வினாடிக்கு 25 ஃப்ரேம், தியேட்டரில் ஓடும் டிசிபி ஃபைலுக்கு 24. 30 வினாடியில் இருக்கும் 750 ஃப்ரேமை அப்படியே 24-இல் ஓட்டினால் 31.25 வினாடி ஆகும்; வாங்கிய 30 வினாடி ஸ்லாட்டில் அடங்காது. கீஃப்ரேமில் செய்த அசைவு என்றால் 24-இல் மறுபடி ரெண்டர் எடுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமாகக் கையால் வரைந்த பகுதி இருந்தால் அனிமேட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். திரை 2கே ஃப்ளாட் என்றால் 1998×1080, ஸ்கோப் என்றால் 2048×858. தியேட்டரில் போடும் விளம்பரத்துக்குத் தணிக்கைச் சான்றிதழும் வேண்டும். அதற்கு ஆகும் நாட்களைக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள்.

11. பெரிய போர்டு என்றால் பெரிய படம் என்று நினைக்காதீர்கள்.

பி10 எல்இடி என்றால் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் 10 மில்லிமீட்டர். 6.4 மீட்டர் அகலம், 3.2 மீட்டர் உயரம் உள்ள போர்டு, அதாவது 21 அடி அகலம், வெறும் 640×320 பிக்சல்தான். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியில் அதைவிடப் பல மடங்கு பிக்சல் இருக்கிறது. கடை முகப்பில் நீளவாக்கில் ஓடும் பட்டைகள் 1280×128 மாதிரி எப்படி வேண்டுமானாலும் இருக்கும். போர்டு போட்டவரிடமே சரியான பிக்சல் அளவைக் கேளுங்கள், அடிக்கணக்கை வாங்கிக்கொண்டு வராதீர்கள். மெல்லிய எழுத்து வேண்டாம். ராத்திரியில் முழு வெள்ளைப் பின்னணி தெருவில் போகிறவர் கண்ணைப் பறிக்கும், அதுவும் வேண்டாம். முகவரி, மூன்று தொலைபேசி எண், 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' எல்லாவற்றையும் கடைக்காரர் இதில் போடச் சொல்வார். வாசலில் நிற்கிறவருக்கு அந்த வாசலின் முகவரி எதற்கு என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். சில சமயம் ஒப்புக்கொள்வார்கள்.

12. கருவிகள் நல்லவைதான், கண்காணியுங்கள்.

சைஸுக்கேற்பப் படத்தைத் தானே நகர்த்தி வெட்டித்தரும் ஆட்டோ ரீஃப்ரேம் பிரீமியரில் 2019-இல் வந்தது. இப்போது பின்னணியை இழுத்து நீட்டித்தரும் ஏஐ கருவிகளும் வந்துவிட்டன. வானத்தையும் சுவரையும் நீட்ட அவற்றைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். எழுத்து, முகம், சேலைக் கரை இந்த மூன்றின் பக்கம் விடாதீர்கள்.

13. ஃபைலுக்குப் பெயர் வைப்பதில் சோம்பல் கூடாது.

வாடிக்கையாளர், விளம்பரம், மொழி, அளவு, நீளம், பதிப்பு எண். இதே வரிசை, எப்போதும். 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'ஒரிஜினல் ஃபைனல்' என்று வைத்தால் கன்னட ஃபைல் தமிழ் சானலுக்குப் போகும். போயிருக்கிறது.

14. அடாப்டேஷனுக்கு, அதாவது இந்த ரீசைஸ் வேலைக்கு, எஸ்டிமேட்டில் தனி வரி கேளுங்கள்.

மாஸ்டர் படத்துக்கு ஒரு தொகை, 'இதர சைஸ்கள்: இலவசம்' என்று எழுதிக்கொடுக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறது. அந்த இலவசத்தின் விலையை ராத்திரி கண்விழித்துக் கொடுப்பது நீங்கள்தான். மூன்று குடும்பத்துக்கு மூன்று மாஸ்டர் அமைப்பது வடிவமைப்பு வேலை. அதற்கு நாளும் வேண்டும், கூலியும் வேண்டும். எத்தனை சைஸ், எத்தனை மொழி, எத்தனை நீளம் என்று பெருக்கிக் காட்டி ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். 120 என்ற எண்ணைக் கண்ணால் பார்த்தால்தான் மேலே இருப்பவர்களுக்கு உறைக்கும். ஒரு தடவை கேட்டால் கிடைக்காது. ஒவ்வொரு வேலைக்கும் கேளுங்கள்.